சுப்பராயலு எழுதிக் கொடுத்த ஆறு மில்லிமீட்டர்

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கக் கிளைத் தலைவர் திரு. சக்திவேல் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும், சுப்பராயலு அவர்களின் துணைவியார் திருமதி லோகநாயகி அம்மா அவர்களே, பழைய பணிமனையில் வேலை பார்த்த, புதுப் பணிமனையில் வேலை பார்க்கிற தோழர்களே, மாடம்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கோகிலவாணி. புறநகர் மின்ரயில்களைப் பராமரிக்கும் பணிமனையின் பொறுப்பு அதிகாரி. தாம்பரத்தில் இருந்த பழைய பணிமனையில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். அதை மூடி, தெற்கே பதினாறு கிலோமீட்டர் தள்ளிப் புதுப் பணிமனையைத் திறந்த பிறகு அங்கே இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பதின்மூன்று நாட்களுக்கு முன் மாரடைப்பில் நம்மைவிட்டுப் போன முதுநிலைத் தொழில்நுட்பர் சுப்பராயலு அவர்கள் எனக்குக் கீழே வேலை பார்த்தார் என்று காகிதங்களில் இருக்கும். காகிதத்தில் இருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதை எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். இறந்தவரைப் பற்றி எல்லோரும் நல்லதையே பேசும்போது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். அது என் சுபாவம். ஆனாலும் இன்று பேசியாக வேண்டும். ஏனென்றால், தலைவர் அவர்கள் என் கையில் ஒரு தீர்மானத்தைக் கொடுத்திருக்கிறார். சுப்பராயலு அவர்களின் பணிப் பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு கண்டன ஆணை இருக்கிறது. முப்பத்தெட்டு ஆண்டுப் பணியில் அவர் வாங்கிய ஒரே கண்டனம். அதை நீக்க வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்கும் தீர்மானம் அது. அந்த ஆணையில் கையெழுத்திட்டவள் நான் என்பதால், முன்மொழிய வேண்டியதும் நானே என்று தலைவர் சொன்னார். நியாயம்தான்.

முன்மொழிவதா வேண்டாமா என்று இன்று காலைவரை யோசித்தேன். என்ன முடிவெடுத்தேன் என்பதை, நடந்ததைச் சொன்ன பிறகு சொல்கிறேன். என்ன நடந்தது என்று தெரியாமல் கைதட்டி ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினால், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகுமா?

எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒருவர் பழைய பணிமனையைக் கோயில் என்றார். அவர் எந்தப் பணிமனையைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்த பணிமனையின் கூரை பதினேழு இடங்களில் ஒழுகும். மழைக்காலத்தில் ரயிலுக்கு அடியில் இறங்கி வேலை செய்யும் குழிகளில் முழங்கால்வரை தண்ணீர் நிற்கும். பெண்களுக்குக் கழிப்பறை என்று ஒன்று இல்லை. நான் வந்த பிறகுதான் ஒரு கிடங்கைத் தடுத்துக் கட்டினார்கள். மூடுகிற நாளன்று, பெரிய வாயிற்கதவில் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த சுப்பராயலு அவர்களிடம், “வருத்தமா இருக்கா சுப்பராயலு?” என்று கேட்டேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இன்னா மேடம் வருத்தம்? சேத்துல நின்னுகினு வேல பாத்தவன கேக்கறீங்க. இத அஞ்சு வருசம் முன்னாடியே பூட்டியிருக்கணும்.”

அவர் அப்படிப்பட்டவர். இடத்தின் மீது அல்ல, வேலையின் மீதுதான் அவருக்குப் பற்று.

பெருவெள்ளம் வந்த ஆண்டில் ஒன்பது மோட்டார்களைத் தனியாளாகக் காய வைத்து ரயிலை ஓட்டினார் என்றும் இங்கே சொன்னார்கள். நான் அப்போது இங்கே இல்லை. அதனால் நேற்று பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மோட்டார்கள் ஏழு. தனியாளாக இல்லை, நான்கு பேர். அந்த நால்வரின் பெயர்களையும் பதிவேட்டில் எழுதி வைத்தவர் சுப்பராயலு. தன் பெயரைக் கடைசியாக எழுதியிருக்கிறார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவருடைய மைத்துனர் வேலை செய்த பட்டறையிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்றை இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பது மட்டும் உண்மை. நண்பர்களே, ஏழு மோட்டார், நான்கு பேர் என்ற கணக்கே போதுமான பெருமைதான். அதைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

பணிமனையை மூடியதற்கு வருகிறேன். வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம், ஒரு பணிமனையை மூடுவது என்றால் பூட்டுப் போடுவதுதானே என்று. பகலெல்லாம் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடும் ரயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் குறித்த நாளில் பரிசோதித்தே ஆக வேண்டும். இங்கே இருக்கும் இயந்திரத்தைக் கழற்றினால் அங்கே அது நிற்க வேண்டும். கழற்றியதற்கும் நிறுத்தியதற்கும் நடுவில் இருக்கும் நாட்களில் ரயில் எங்கே போகும்? தலைமையகத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. நானும் அதில் உதவினேன். நாற்பது நாட்களில் தினமும் ஆறு ரயில்களை ரத்து செய்ய வேண்டும் என்பது திட்டம். சுப்பராயலு அதை வாங்கிப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூட நோட்டுத்தாள் நான்கை ஒட்டி ஒரு அட்டவணையைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தார். எந்த வண்டி எந்த நாள் எங்கே நிற்க வேண்டும், எந்த ஜாக்கி எந்த லாரியில் போக வேண்டும், எல்லாம் அதில் இருந்தது.

“ஆறு வண்டிய நிறுத்தினா பல்லாவரத்துல ஜனம் தொங்கினு போவும் மேடம். நிறுத்தத் தேவயே இல்ல. பாருங்க.”

பார்த்தேன். தவறு தேடினேன், கிடைக்கவில்லை. நாற்பது நாட்கள், ஒரு பணிமனை முழுவதும் இடம் மாறியது. ஒரு ரயில்கூட ரத்தாகவில்லை. தாம்பரம் நடைமேடையில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் நடந்ததுதான் அவருடைய வெற்றி. இந்த மண்டபத்தில் இருக்கிற நீங்கள் ஒவ்வொருவரும் அந்த நாற்பது நாட்களைப் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

அந்தப் பெருமைக்கு நடுவில்தான் அந்தப் பிழையும் நடந்தது.

உறவினர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ரயிலின் முன்னால், சக்கரத்துக்கும் முன்பாக, தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஒரு இரும்புத் தகடு தொங்கும். பாதையில் கிடப்பதைத் தள்ளிவிடுவதற்கான தகடு. ஓட ஓடச் சக்கரம் தேயும். தேயத் தேய ரயில் தாழும், தகடும் தாழும். ஒரு அளவுக்குக் கீழே தாழ்ந்தால், தண்டவாளங்கள் பிரியும் இடங்களிலும் கற்கள் குவிந்த இடங்களிலும் இடிக்கும். அதனால் ஒவ்வொரு பரிசோதனையிலும் தகட்டின் உயரத்தை அளந்து எழுதுவோம். குறைந்திருந்தால் தகட்டைத் தூக்கிப் பொருத்துவோம்.

பழைய பணிமனையில் இந்த அளவை மூன்றாம் குழியில்தான் எடுப்பார்கள். அந்தக் குழியின் தென்முனையில், சக்கரம் நிற்கும் இடத்தில் தண்டவாளம் ஆறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அதற்கு முன்னால், தகடு தொங்கும் இடத்தில் இறங்கவில்லை. அதனால் அங்கே அளந்தால் தகடு ஆறு மில்லிமீட்டர் தாழ்வாகக் காட்டும். அதைச் சரிசெய்யக் கேட்டு, நான் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். எப்படியும் மூடப்போகிற பணிமனைக்கு இந்தச் செலவு தேவையில்லை என்று பதில் வந்திருக்கிறது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. மூடப்போகிறோம், மூடப்போகிறோம் என்று சொல்லியே பன்னிரண்டு ஆண்டுகள் ஓடின.

தோழர்கள் என்ன செய்வார்கள்? அளவுகோலில் தொண்ணூற்றெட்டு என்று காட்டினால், மனதில் ஆறு கூட்டி நூற்று நான்கு என்று எழுதினார்கள். அதுதான் சரியான உயரம். யாரும் ஏமாற்றவில்லை. உண்மையை எழுதத்தான் கூட்டினார்கள். புதிதாக வருகிறவருக்கு வாய்ச்சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கையேட்டிலும் அது இல்லை. எந்த அதிகாரிக்கும் அது தெரியாது. நான் சேர்ந்த முதல் ஆண்டில், “மூணாம் குழியில மட்டும் ஏன் எல்லாரும் ஒரு நிமிஷம் யோசிச்சு எழுதறீங்க?” என்று கேட்டேன். “அதுக்கு ஒரு கணக்கு கீது மேடம்” என்றார் சுப்பராயலு. என்ன கணக்கு என்று நான் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த கோப்பை எடுத்துவிட்டேன்.

இப்போது புதுப் பணிமனை. தரை கண்ணாடி போல மட்டம். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. விழாவுக்குப் பிறகு ஒன்பது ரயில்கள் அங்கிருந்து புறப்பட வேண்டும். ஒன்பதையும் அந்த வாரம் பரிசோதித்தது சுப்பராயலுவும் அவருடைய குழுவும். சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, என் அறையில் தேநீர் குடித்துக்கொண்டே பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார் நம் பொறியாளர் ஸ்ரீவத்சன். அவர் விளையாட்டாகப் பேசுகிறவர். உங்களுக்குத் தெரியும்.

“சுப்பராயலு சார், புது ஷெட்டோட ராசியைப் பாருங்கோ. ரெண்டு வாரம் முன்னாடி இந்த வண்டி நூத்தி நாலு. இப்போ நூத்திப் பத்து. இதுவும் அப்படித்தான். எல்லா வண்டியும் வளர்ந்திருக்கே. பூஸ்ட் ஏதாவது குடுத்தேளா?”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ரயில் தேயுமே தவிர வளராது, ஏதோ எழுத்துப் பிழை என்றுதான் நினைத்தேன். சுப்பராயலு சிரிக்கவில்லை. டம்ளரை வைத்தார். பதிவேட்டை வாங்கினார். ஒன்பது பக்கங்களையும் நின்றபடியே பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“மேடம், நாளைக்கு வண்டிய எடுக்காதீங்க.”

“ஏன்?”

“கூட்டிட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விளக்கினார். பதினைந்து ஆண்டுகளாகக் கை கூட்டிக்கொண்டிருந்தது. தரை மாறியது, கை மாறவில்லை. மட்டமான தரையிலும் ஆறு கூட்டி எழுதிவிட்டார். அப்படியானால் நூற்று ஆறு என்று எழுதிய ரயில் உண்மையில் நூறுதான். நூற்றிரண்டுக்குக் கீழே போகக் கூடாது.

நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபப்பட்டேன். நான்கு ஆண்டுகள் நான் கையெழுத்திட்ட பதிவேடு அது. அதிலிருந்த ஒவ்வொரு எண்ணும் ஒருவர் மனதில் கூட்டி எழுதியது என்றால், நான் எதன் மீது கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன்? “ஆதாரம் இருக்கா?” என்று கேட்டேன். “வாங்க, காட்டறேன்” என்றார்.

ஜீப்பில் ஏறினோம். நான், ஸ்ரீவத்சன், சுப்பராயலு, அவரோடு பதினெட்டு ஆண்டுகள் அதே குழியில் வேலை பார்த்த கேசவன். வண்டலூரில் சனிக்கிழமைக் கூட்டம். முக்கால் மணி நேரம் நின்றோம். பழைய பணிமனையில் மின்சாரம் துண்டித்திருந்தார்கள். ஆனால் வெயில் இருந்தது. அடுத்த தெருவில் மதில் கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் கேசவன் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு முனையைச் சுப்பராயலு பிடித்தார், மறுமுனையை ஸ்ரீவத்சன் பிடித்தார். நான் குனிந்து அளந்தேன்.

ஆறு. சரியாக ஆறு மில்லிமீட்டர்.

அப்போதுதான் கேசவன் அவரைத் தள்ளி அழைத்துப் போனார். தள்ளி என்றாலும் காலியான பணிமனையில் எல்லாம் கேட்கும்.

“ண்ணா, நாளைக்கு காலீல அஞ்சு மணிக்கு வந்து ஒம்போதையும் அளந்து சரி பண்ணிக்கலாம். ஒருத்தனுக்கும் தெரியாது. நீ எழுதி கிழுதி குடுக்காத.”

“எழுதணும்டா.”

“இன்னும் இருபத்தாறு நாள் கீது ரிட்டயர்மென்ட்டுக்கு. அவார்டுக்கு வேற பேர் போயிகீது. சொந்தக்காரனுக்கெல்லாம் சொல்லிகீற. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?”

“நா மட்டுமா கூட்டுனேன்? மத்த ஷிஃப்ட்டுல எத்தினி பேரு கூட்டிகினு கீறான்? இந்த ஒம்போத சரி பண்ணிடுவ. அடுத்த வாரம் வர்ற வண்டிய? வாயால சொன்னா நம்மளோட போயிடும்டா. எழுதினாதான் நிக்கும்.”

“நீ திருந்த மாட்ட.”

“திருந்தத்தான்டா எழுதறேன்.”

அங்கேயே, மூன்றாம் குழியின் விளிம்பில் உட்கார்ந்து எழுதினார். ஸ்ரீவத்சன் தன் பையிலிருந்து தாள் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் இங்கே முழுவதும் படிக்கிறேன்.

“மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு. பழைய ஷெட் மூன்றாம் குழியில் தெற்கு முனையில் தண்டவாளம் இறங்கி இருக்கிறது. அங்கே அளந்தால் ஆறு குறைவாகக் காட்டும். பல வருடமாக ஆறு கூட்டி எழுதுகிறோம். புது ஷெட்டில் தரை மட்டம். அங்கேயும் ஆறு கூட்டி எழுதிவிட்டேன். ஒன்பது வண்டியையும் மறுபடி அளக்க வேண்டும். நான் மட்டும் அல்ல, மற்றவர்களும் கூட்டி இருப்பார்கள். வேறு அளவுகளிலும் இப்படி இருக்கலாம். கேட்டால் பயந்துகொண்டு சொல்ல மாட்டார்கள். அதனால் முதலில் நான் எழுதிக் கொடுக்கிறேன். இப்படிக்கு, சுப்பராயலு, முதுநிலைத் தொழில்நுட்பர்.”

இதுதான் கடிதம். இதில் ஒரு சாக்கு இருக்கிறதா? மூன்று முறை எழுதியும் குழியைச் சரிசெய்யாதவர்கள் மீது ஒரு வரி குற்றம் இருக்கிறதா? தேடிப் பார்த்தேன். இல்லை.

ஞாயிறு காலை விடிந்ததிலிருந்து ஒன்பது ரயில்களையும் மறுபடி அளந்தோம். ஏழு சரியாக இருந்தன. இரண்டில் தகடு தாழ்ந்திருந்தது. அவற்றைத் தூக்கிப் பொருத்தி முடிக்கும்போது பன்னிரண்டு மணி. வந்திருந்த விருந்தினர்கள் பந்தலில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். உயரதிகாரி ஒருவர் வேகமாக உள்ளே வந்து, “யாரால தாமதம்?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சுப்பராயலு குழியிலிருந்து மேலே ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “என்னால சார். தப்பா அளந்துட்டேன். இப்போ சரியா கீது, நம்பி ஏறலாம்” என்றார்.

அவர் நூற்றுக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றினார் என்று இங்கே ஒருவர் பேசினார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த இரண்டு ரயில்களும் அப்படியே ஓடியிருந்தால் ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம். யாருக்கும் எப்போதும் தெரியாமலும் போயிருக்கலாம். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் எழுதினார். விபத்து நடந்த பிறகு உண்மை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே நடக்காதபோது, யாருமே கேட்காதபோது, இருபத்தாறு நாட்களில் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டிய ஒருவர் எழுதிக் கொடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு என்ன நடந்தது? எல்லாத் தொழிலாளர்களையும் கேட்டோம். அவர் எழுதியபடியே, முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. அவருடைய கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பதினொரு பேர் சொன்னார்கள். தகட்டின் உயரம் மட்டும் அல்ல, இன்னும் மூன்று அளவுகளில் பழைய குழியின் கணக்கு அவர்கள் கையோடு புதுப் பணிமனைக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் திருத்தினோம். இன்று அந்தப் பணிமனையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ரயிலுக்கும் எழுதிய அளவும் உண்மையான அளவும் ஒன்றாகவே இருக்கிறது. பழைய பணிமனை மூடப்பட்டது கதவைப் பூட்டிய நாளில் அல்ல. இந்தப் பதினொரு பேர் வாய் திறந்த நாளில்தான்.

அவருக்கு என்ன கிடைத்தது? விருதுப் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. விதி விதிதான் என்றார்கள். தவறான அளவை எழுதியதாக ஒப்புக்கொண்டவருக்குக் கண்டனம் தர வேண்டும் என்று எழுதி, என்னிடம் அனுப்பினார்கள். நான் மறுத்திருக்கலாம். அவரோடு நானும் பொறுப்பு என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கையெழுத்திட்டேன்.

ஆணையை அவரை அழைத்து என் கையால் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார்.

“மேடம், தேதி தப்பா அடிச்சிகீறாங்க. நா எழுதிக் குடுத்தது சனிக்கெழம. இதுல ஞாயித்துக்கெழமன்னு கீது. மாத்திக் குடுத்துடுங்க. ஆவாத பேப்பர எதுக்கு வாங்கறது?”

மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டு வேலைக்குப் போனார். அந்த இருபத்தாறு நாட்களில் ஒரு நாள்கூட அவர் விடுப்பு எடுக்கவில்லை. ஓய்வு பெறும் நாளன்று மாலை நான்கு மணிவரை குழியில்தான் இருந்தார்.

அவர் மறைந்த மூன்றாம் நாள் மாடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். லோகநாயகி அம்மா என்னை உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். பிறகு கேட்டார். அவர் முன்னாலேயே அதை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

“அவரு திருடல. குடிச்சிட்டு வேலைக்கி போகல. நெஜத்த சொன்னாரு. அதுக்கு ஒரு காயிதம் குடுத்தீங்க. வீட்டு வரி ரசீதோட அதையும் சேத்து வெச்சிருந்தாரு. ஏன்யா இத வெச்சிருக்கேன்னு கேட்டா, இதுவும் நான் பண்ண வேலதான்னுவாரு. நீங்க படிச்சவங்கதானே மேடம்? சொல்லுங்க, அவரு என்ன தப்பு பண்ணாரு?”

காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பத்து நாள் யோசித்தேன்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். தலைவர் கொடுத்த தீர்மானத்தில் இப்படி இருக்கிறது: “அவரது நீண்டகாலச் சேவையைக் கருத்தில்கொண்டு, அவர் அறியாமல் செய்த பிழையை மன்னித்து, கண்டனத்தை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறது.” நல்லெண்ணத்தோடு எழுதியது என்று தெரியும். தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை நான் முன்மொழிய மாட்டேன்.

யாரை மன்னிப்பது? எதற்கு மன்னிப்பது? குழி இறங்கியது அவர் பிழையா? அதைச் சரிசெய்ய மறுத்தது அவர் பிழையா? கூட்டாமல் எழுதியிருந்தால் பழைய பணிமனையில் எல்லா அளவும் தவறாகியிருக்கும். கூட்டியது அவர் திறமை. மட்டமான தரையிலும் கூட்டியது எல்லோருடைய கைப்பழக்கம். அதைக் கண்டதும் சொன்னது அவர் மட்டும். இதில் தண்டிக்கப்பட்டது முதலில் சொன்னவர் ஒருவரே. நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்ட அதிகாரிக்கு, என்ன கணக்கு என்று ஒரே ஒரு முறை திருப்பிக் கேட்காத அதிகாரிக்கு, ஒரு வரிக் கடிதம்கூட வரவில்லை. நாம் மன்னிப்புக் கேட்டு வாங்கினால், அவர் தவறு செய்தார், நாம் பெரிய மனது பண்ணினோம் என்று ஆகும். அதற்கு அந்தக் கண்டனமே இருந்துவிட்டுப் போகலாம்.

அதனால் நான் வேறு ஒன்று எழுதியிருக்கிறேன். ஒரு பக்கம்தான். இப்படி இருக்கிறது: “மூன்றாம் குழியில் ஆறு மில்லிமீட்டர் கூட்டி எழுதுவது பணிமனை முழுவதும் இருந்த வழக்கம். அதை அறிந்திருக்க வேண்டிய அதிகாரி அறியவில்லை. அந்த வழக்கத்தை வெளிப்படுத்தியவருக்கு அளித்த கண்டனம் தவறான ஆணை. அந்த ஆணையில் கையெழுத்திட்ட நான் அதைத் தவறு என்று சொல்கிறேன். ஆணையை ரத்து செய்ய வேண்டும். அவருடைய கடிதத்தைப் புதுப் பணிமனையின் அளவுப் பதிவேட்டில் முதல் பக்கமாகச் சேர்க்க வேண்டும்.” நாளைக் காலை இதை மேலிடத்துக்கு அனுப்புகிறேன். அவர்கள் ஏற்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஏற்கும்வரை அனுப்பிக்கொண்டிருப்பேன். எனக்கு என்ன ஆகும் என்பது இந்தக் கூட்டத்தின் விஷயம் அல்ல.

தோழர்களே, இரங்கல் கூட்டத்தில் அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். என்னால் காப்பாற்ற முடிகிற உறுதியை மட்டும் எடுக்கிறேன். நான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை, தன் பிழையைத் தானே கண்டு எழுதிக் கொடுக்கிற ஒருவருக்கும் என் கையெழுத்தில் தண்டனை ஆணை போகாது. உங்களில் யார் என்னிடம் “அதுக்கு ஒரு கணக்கு கீது” என்று சொன்னாலும், அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுந்து போக மாட்டேன். எனக்கு மேலே இருப்பவர்களுக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது. உங்களுக்காகவும் முடியாது.

லோகநாயகி அம்மா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இந்தப் பக்கம்தான். பத்து நாள் தாமதம் என்று சொன்னால் அது பொய். இரண்டு ஆண்டு தாமதம்.

அந்தக் காகிதம் தலைவரின் மேசையில் இருக்கிறது. அடியில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அன்று வாய் திறந்த பதினொரு பேரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிகிறது. என் கையெழுத்துக்குக் கீழே பதினொரு வரி இடம் விட்டிருக்கிறேன்.